இரண்டாம் வட்டம்: வெலிமடைத் தோட்டப் பாடசாலைகளில் குடியியலும் புவியியலும்

சமூகப் பாடங்களைக் கற்பிப்பதில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. முதலில் வீடு, அடுத்துக் கிராமம், பிறகு பிரதேசம், மாகாணம், நாடு என்று பிள்ளையைச் சுற்றி வட்டங்கள் விரியும். வெலிமடைக் கல்வி வலயத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றில், ஆறாம் தர வகுப்புக்குள் இந்த ஒழுங்கோடு நுழையும் ஆசிரியர் இரண்டாம் வட்டத்திலேயே தடுமாறுகிறார். “உங்கள் ஊர்ப் பாதையைத் திருத்துவது யார்?” என்ற கேள்விக்குப் பாடநூல் எதிர்பார்க்கும் விடை ‘பிரதேச சபை’. லயத்துப் பிள்ளை சொல்லும் விடை ‘தொரை’, அதாவது தோட்ட முகாமையாளர். அதைப் பிழை என்று அடித்துவிட்டுப் பாடம் நகர்கிறது. அந்த விடையிலிருந்துதான் பாடமே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிள்ளை அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. சட்டமும் நெடுங்காலம் அதையேதான் சொல்லி வந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த நாட்டில், 1937ஆம் ஆண்டின் கிராமச் சபைச் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சபை வாக்கிலிருந்து விலக்கியது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 வரை காத்திருந்தார்கள். பிரசாவுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஒரு வேலி நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள் அந்தத் தடை நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் கிறவல் அவர்கள் பாதைக்கு வரவில்லை. ‘தொரை’ என்ற விடையில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. அதற்குச் சிவப்புக் கோடு இடும் ஆசிரியர் அறியாமலே ஒரு வரலாற்றை அழிக்கிறார்.

பாட அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. 1972 சீர்திருத்தம் குடியியல், புவியியல், வரலாறு மூன்றையும் ‘சமூகக் கல்வி’ என்று ஒன்றாக்கியது. பின்னர் அவை மீண்டும் பிரிந்து, இன்று தனிப் புத்தகங்களாக, பெரும்பாலும் தனி ஆசிரியர்களிடம் இருக்கின்றன. பாடத்தின் ஆழத்துக்குப் பிரிவு நல்லது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மீரியபெத்தையை எந்தப் புத்தகத்தில் வைப்பது? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தையிலுள்ள அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. சரிவு, மண், மழை ஆகியவை புவியியல். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை யாருடைய மேசையில் நின்றது என்பது குடியியல். எச்சரிக்கையைக் கேட்ட குடும்பம் தன் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாமல் எங்கே போயிருக்க முடியும் என்பது பொருளியல். மூன்றையும் தனித்தனியே படித்த பிள்ளை மண்சரிவுக்கான காரணங்களைச் சரியாக எழுதிப் புள்ளி வாங்கும். ஆட்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்கத் தெரியாது.

வெலிமடையின் நிலமே இந்த மூன்றையும் ஒன்றாகப் படிக்கச் சொல்கிறது. மலைநாடு என்றால் ஈரவலயம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தான் நிற்பது இடைவலயத்தில் என்பதை அறிவதில்லை. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஆடி ஆவணியில் உதட்டை வெடிக்கவைக்கும் அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. மழைமறைவுக்கு வேறு படம் தேவையில்லை. சன்னலைத் திறந்தால் போதும். உமா ஓயாத் திட்டமோ ஒரு தவணைக்கே போதுமான பாடம். புகுல்பொலையில் மறிக்கப்பட்ட நீர் சுரங்கத்தால் மலையைக் கடந்து, 120 மெகாவாட் நிலக்கீழ் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுத் தென்கிழக்கின் வறண்ட நிலத்துக்குப் போகிறது. 2014 இறுதியில் அந்தச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். நீர் யாருடையது, மின்சாரம் யாருக்கு, வற்றிய கிணற்றுக்குப் பொறுப்பு யார்? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் பெரியவை அல்ல. அவள் வீட்டில் இவை ஏற்கனவே பேசப்படுகின்றன.

பொருளியலுக்கு அம்மாவின் சம்பளத்துண்டு இருக்கிறது. 2021இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாகவும் உயர்த்தியது வர்த்தமானி அறிவித்தல். 2024இன் அந்த 1,350இல் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம் 108 ரூபா. தொழில்தருநர் அதற்கு மேல் செலுத்தும் 12 வீதம் 162 ரூபா. பிறகு சங்கச் சந்தா, முற்பணம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சதவீதக் கணக்கு, தொழிற்சங்க உரிமை, உலகச் சந்தை எல்லாம் ஒரு துண்டுத்தாளில். 2021 மே மாதம் இன்னொரு வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது; வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டங்களும் தேயிலை மலைகளும் சேர்ந்தே வாடின. ஒரு வர்த்தமானி கூலியை உயர்த்துகிறது, இன்னொன்று பயிரைக் கருக்குகிறது. நிறைவேற்று அதிகாரம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடம் விளக்கும்?

இப்படிக் கற்பிப்பதற்கு இரண்டு மறுப்புகள் எழும். மனக்குறையைப் பாடமாக்கினால் பிள்ளைகள் தம் சமூகத்துக்குள்ளேயே ஒடுங்குவார்கள் என்பது ஒன்று. ஆனால் கெப்பட்டிபொலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கிழங்கு மூட்டை ஏற்றும் சிங்கள விவசாயியின் மகனையும் அதே உரத்தடைதான் தாக்கியது. கிணறுகள் வற்றியபோது இனம் பார்த்து வற்றவில்லை. உள்ளூரை ஆழமாகப் படிக்கும் பிள்ளைக்கு அயலவரும் தெரியவருவார். மற்ற மறுப்பு கனமானது. சம்பளத்துண்டு வகுப்புக்கு வந்தால் வீட்டுக் கடனும் கூடவே வரும். ஒரு பிள்ளை கூனிக்குறுகும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆசிரியரே பெயரில்லாத மாதிரித் துண்டு ஒன்றை எழுதிக் கொண்டுவரட்டும். எந்தப் பிள்ளையிடமும் வீட்டுத் தாளைக் கேட்கக் கூடாது.

ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். ‘மக்கள் உறுப்பினர்களைத் தெரிவு செய்வர்’ என்ற பாடநூல் வரிக்கு இங்கே காட்ட ஒரு சபை இல்லை. பிரதேச சபை இருக்கிறது. 2025 மே மாதம் அதற்கு வாக்களிப்பு நடந்தது. எனவே எட்டாம் தரத்துக்கு நான் முன்மொழியும் பயிற்சி ஒரு கடிதம். லயத்துக்கு ஏறும் பாதையைத் திருத்தக் கோரிச் சபைத் தவிசாளருக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அந்தப் பாதை சபையுடையதா, கம்பெனியுடையதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா என்று வகுப்பு விசாரித்து அறியவேண்டும். பாதையை வரைபடத்தில் குறிக்கவேண்டும். அதில் தினமும் எத்தனை பேர் நடக்கிறார்கள், கொழுந்து லொறி எத்தனை முறை போகிறது என்று எண்ணவேண்டும். கடைசியில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் பிள்ளைகள் தங்கள் முகவரியை எழுதுவார்கள். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஒபீசுக்குத்தான் வரும். அடுத்த பாடவேளைக்கான கேள்வியை அந்த இடத்தில் பிள்ளைகளே கேட்பார்கள்.