ஒரு டிஸ்க் கூட்டினால் போதுமா?

அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு இடம் போதவில்லை என்றால் இன்னொரு பீரோ வாங்குவோம். வங்கியும் ஆஸ்பத்திரியும் தங்கள் கணக்குகளை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் டிஸ்குகளில் இடம் தீர்ந்தால் என்ன செய்கிறார்கள்? படித்துப் பார்த்ததில் எனக்குப் பிடித்த கதை இது.

1956-ல் ஐபிஎம் கம்பெனி 'ராமாக்' என்ற கம்ப்யூட்டரோடு முதல் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டுக்கு மேல் கொள்ளாது.

பிறகு பல வருஷம் பெரிய கம்ப்யூட்டருக்குப் பெரிய, விலை அதிகமான டிஸ்க் என்பதே வழக்கம். 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வேறு யோசனை சொன்னார்கள். மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்கலாம் என்றார்கள். அதற்கு 'ரெய்டு' என்று பெயர்.

சிக்கலையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் உள்ள கூட்டத்தில் 300 மணிக்கு ஒன்று பழுதாகும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது!

இதற்கு ஒரு வழி, இரட்டைப் பிரதி. நம்ம புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சு சட்டப்படி எத்தா சிவில் பதிவேடுகளை இரண்டு பிரதி எழுதி, ஒன்றை மேரியிலும் மற்றதை நீதிமன்றத்திலும் வைப்பார்கள். இன்னொரு வழி, கூட்டுத்தொகை. ஒரு டிஸ்கில் 7, அடுத்ததில் 5, மூன்றாவதில் 12 என்று எழுதி வைத்தால், 5 அழிந்தாலும் 12-லிருந்து 7-ஐக் கழித்து மீட்டுவிடலாம். உண்மையான கணக்கு வேறு மாதிரி என்றாலும் தத்துவம் இதுதான்.

ஆனால் இடத்தைக் கூட்டுவது அப்போதும் தலைவலிதான். 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் இருவரும் 'இசட்எஃப்எஸ்' என்ற முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். எல்லா டிஸ்குகளும் சேர்ந்து ஒரே குளம். புது டிஸ்குகளைச் சேர்த்த உடனே குளம் பெரிதாகிவிடும். பழைய கோப்புகளை இடம் மாற்ற வேண்டியதில்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். பாதுகாப்போடு அமைத்த குளத்தில் அவசரத்துக்கு ஒற்றை டிஸ்க்கைத் தனியாகச் சேர்த்தால், அந்த ஒன்று பழுதாகும்போது குளம் முழுவதும் போய்விடும். அதனால் டிஸ்குகளை இரண்டு, நான்கு என்று குழுவாகவே சேர்த்து வந்தார்கள். கூட்டுத்தொகை முறையில் அமைத்த பழைய குழுவுக்குள்ளேயே ஒரே ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில்தான் வந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காத்திருப்பு!

இப்போது பிள்ளைகள் பலர் வீட்டிலேயே இப்படி ஒரு பெட்டி வைத்து, குடும்பப் படங்களை எல்லாம் அதில் சேர்க்கிறார்கள். இடம் போதவில்லை என்று டிஸ்க் வாங்கி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் ஒன்று பழுதானால் மற்றவை தாங்குமா? வீடே தீப்பிடித்தால் வேறு இடத்தில் ஒரு பிரதி இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு எத்தனை டிஸ்க் கூட்டினாலும் பதில் கிடைக்காது. மேரியையும் நீதிமன்றத்தையும் போல, இரண்டாவது பிரதி வேறு கட்டடத்தில்தான் இருக்க வேண்டும்.