தன்னார்வப் பயிற்சியாளர் (அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால்)

தன்னார்வப் பயிற்சியாளர் என்பது அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் அணிகளில் 2023 வரை இருந்த ஒரு பதவியாகும். மற்றப் பயிற்சியாளர்களைப் போலவே நாள் முழுதும் உழைத்தாலும், இவருக்குக் கல்லூரி சம்பளம் தரக்கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ.) விதி தடுத்தது. சிறு லீகுகளில் ஆடி ஓய்ந்த முன்னாள் வீரர்கள் பலர் இப்பதவி வழியாகவே பயிற்சித் துறைக்குள் நுழைந்தனர்.

சிறு லீகும் கேட்சரும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. அவற்றுக்கு வீரர்களை உருவாக்கித் தரும் கீழ்நிலைப் போட்டிகள் சிறு லீகுகள் எனப்படும். இந்தியாவின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி ஆடியது இந்த நிலையில்தான். இங்கு ஆடுபவர்களில் பெரும்பாலோர் மேல்நிலையை எட்டுவதில்லை.

கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து பந்தைப் பிடிப்பவர். எந்த வகைப் பந்து வீசவேண்டும் என்று வீச்சாளருக்குச் சைகை காட்டுவதும் அவர் வேலை. மற்ற வீரர்கள் மட்டையாளரை நோக்கி நிற்க, இவர் ஒருவரே மைதானம் முழுவதையும் எதிரே பார்த்து ஆடுகிறார். முழங்கால் தேய்ந்து ஆட்டம் முடிந்தாலும் இந்த அறிவு அவரிடம் தங்குகிறது. கேட்சர்கள் பலர் பயிற்சியாளர் ஆவதற்கு இது ஒரு காரணம்.

அவர்கள் சேமிப்போடு ஓய்வு பெறுவதும் அரிது. 2022-இல்கூடச் சிறு லீகின் 'ஏ' பிரிவில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் சுமார் 11,000 டாலர்தான். முன்னாள் சிறு லீக் வீச்சாளரும் பின்னாளில் வழக்கறிஞருமான காரெட் புரோஷூயிஸ் 2014-இல் தொடுத்த கூலி வழக்கு, 2022-இல் 18.5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. 2023-இல் வீரர் சங்கம் செய்த முதல் ஒப்பந்தத்தால் 'ஏ' பிரிவின் குறைந்தபட்ச ஊதியம் 26,200 டாலரானது.

கல்லூரியில் நிலை

2023 வரை முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கும் இரு துணைப் பயிற்சியாளர்களுக்கும் மட்டுமே சம்பளம் தர முடிந்தது. நான்காமவர் தன்னார்வலராக இருந்தார். அணியில் வழக்கமாக 35 பேர் வரை இருந்ததால் அவரின்றி வேலை நடக்காத நிலை இருந்தது. கேட்சர்களைப் பழக்குவது, மட்டைப் பயிற்சிக்குப் பந்து வீசுவது, ஆட்டத்தின்போது களத்தில் நின்று ஓட்டக்காரர்களை வழிநடத்துவது எனப் பல பணிகள் அவருக்கு இருந்தன. பள்ளிகளுக்குச் சென்று வீரர்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் அனுமதியில்லை. கோடைகாலச் சிறுவர் முகாம்களில் பயிற்சி தந்து ஈட்டிய பணமே பலருக்கு முக்கிய வருமானமாக இருந்தது.

முன்னோடி வழக்கு

1992-இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி, ஒரு வகைத் துணைப் பயிற்சியாளர்களின் ஊதியத்துக்கு ஆண்டுக்கு 16,000 டாலர் என உச்சவரம்பு விதித்தது. கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். போட்டியாளர்களான கல்லூரிகள் கூடிப் பேசிச் சம்பளத்தைக் கட்டுப்படுத்துவது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் உறுதி செய்தது. மறு ஆண்டு சங்கம் 5.45 கோடி டாலர் தர இசைந்தது. 16,000 டாலர் வரம்பே தவறு என்றான பின்னரும், சம்பளமே கூடாது என்ற தன்னார்வலர் விதி மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது.

விதி நீக்கம்

நான்காமவருக்கும் ஊதியம் தர அனுமதிக்கும் முன்மொழிவு 2019 ஏப்ரலில் வாக்கெடுப்பில் தோற்றது. 2022 நவம்பரில் முன்னாள் தன்னார்வப் பயிற்சியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரியில் சங்கம் விதியை நீக்க முடிவு செய்தது. அது அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கில் 4.925 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. எனினும் புதிய விதி ஊதியம் தர அனுமதிக்கிறதே தவிர, இவ்வளவு தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

தமிழ்நாட்டுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் மாநில அளவில் ஆடிய வீரருக்கு இரயில்வே, வங்கி, காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வாய்ப்புண்டு. சென்னைப் பெரம்பூரின் இரயில் பெட்டித் தொழிற்சாலை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மாதச் சம்பளம் உள்ளவர் மாலையில் சிறுவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தந்தால் அது அவர் விரும்பிச் செய்யும் தொண்டு. அமெரிக்கக் கேட்சருக்கு அத்தகைய ஒதுக்கீட்டு வேலை இல்லை. அவருக்குத் தன்னார்வம் என்பது அத்தொழிலில் நுழையக் கொடுக்கவேண்டிய விலையாகவே இருந்தது. குடும்பப் பணமோ வேறு வருமானமோ இல்லாதவர்கள், எவ்வளவு திறமை இருந்தாலும், அந்த விலையைக் கொடுக்க முடியாமல் விலக நேர்ந்தது.