படிக்கும் பிள்ளைக்குப் பல கைகள்



மலாக்கா நகரின் பழைய வீதிகளில் நடந்தால் சில நிமிடங்களுக்குள் மூன்று வழிபாட்டு இடங்களைக் கடந்து விடலாம். 17 ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோவில், 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781இல் அமைந்த பொய்யாத விநாயகர் ஆலயம் ஆகியவையே அவை. இவை அருகருகே இருப்பதை எண்ணி நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் பல சமயத்து மக்கள் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்காகக் கைகோத்தது உண்டா? இந்த நாட்டு வரலாற்றில் அதற்கு விடை தேடுவோம்.

மலாய் இலக்கியத்தில் பெரும் புகழ் பெற்ற முன்ஷி அப்துல்லா, 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரின் தந்தை அரபு நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து குடியேறியவர். அப்துல்லாவின் பாட்டியும் ஓர் ஆசிரியை. ஏறக்குறைய 200 ஆண், பெண் பிள்ளைகள் அவரிடம் ஓதக் கற்றனர். சிறுவன் அப்துல்லாவை அவருடைய தந்தை தமிழ் படிக்கவும் அனுப்பினார். அந்நாளில் மலாக்காவில் இந்திய வணிகர் நிறைந்திருந்தனர். கணக்கு எழுதவும் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கமாக இருந்தது.

வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் நிலை என்ன? 1815இல் வில்லியம் மில்ன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். ஏழைச் சீனப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் மலாய், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பாதிரிமார் பள்ளி வைத்தனர். 1818இல் ஆங்கில சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இலவசம் என்றதும் பெற்றோர் மகிழ்ந்து ஓடி வரவில்லை. "சும்மா கற்றுக் கொடுப்பானேன்? பிள்ளையை மதம் மாற்றத்தானே?" என்று அஞ்சினர். அந்த அச்சம் காரணமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. தம் சமயத்தைப் பரப்ப வேண்டும் என்ற நோக்கம் அப்பாதிரிமாருக்கு இருந்தது உண்மை.

இந்த நிலையில் அப்துல்லா என்ன செய்தார்? பாதிரிமாருக்கு மலாய் கற்றுக் கொடுத்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றுக் கொண்டார். நூல்களை மொழிபெயர்ப்பதிலும் துணை நின்றார். ஊரார் அவரை "அப்துல்லா பாதிரி" என்று கேலி செய்தனர். எனினும் 1854இல் ஹஜ் பயணத்தின்போது காலமாகும் வரை அவர் இஸ்லாமியராகவே வாழ்ந்தார். அறிவை எங்கிருந்தும் பெறலாம், தன் சமயத்தில் உறுதியாகவும் நிற்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

காலம் மாறியது. ரப்பர் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் வந்தாலும், பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையாகவே இருந்தது. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் பாடம் நடத்திய இடங்களும் உண்டு.

பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் நம் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். லயங்களில் தந்தையற்ற பிள்ளைகள் நின்றனர். உணவுக்கே வழியில்லாத வீட்டில் படிப்புக்கு யார் வழி செய்வார்?

அந்தத் துயரம் ஆறாத காலத்தில், 1949இல், சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவினார். பூச்சோங் சாலையில் அமைந்த அந்த நிலையம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடாயிற்று. பிள்ளை எந்த இனம், எந்தச் சமயம் என்று அங்கே பார்க்கவில்லை. எல்லாச் சமயத்தாரும் அமர்ந்து தியானிக்க ஒரு வழிபாட்டு மண்டபமும் எழுந்தது. 1961இல் சுவாமி மறைந்தபின், 1926இல் சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம் பொறுப்பேற்றார். 2023இல் தம் 97 ஆம் வயதில் மறையும் வரை அப்பிள்ளைகளுக்கு அவர் தாயாக இருந்தார்.

மில்ன் பள்ளியையும் சுத்த சமாஜத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தன. முன்னதன் வாசலில் பெற்றோர் தயங்கி நின்றனர். பின்னதில் அந்தத் தயக்கத்துக்கு இடமே வைக்கவில்லை. உதவிக்கு விலையாகப் பிள்ளையின் சமயத்தைக் கேட்காதபோதுதான் பல சமயத்தாரின் உதவி நிலைத்து நிற்கும். வரலாறு நமக்குக் காட்டும் பாடம் இதுவே.

இன்று மலாக்காவில் தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. நம் குடும்பங்கள் பல நகர்ப்புறம் வந்துவிட்டன. ஆனாலும் தந்தையை இழந்த பிள்ளை, பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டில் தங்கிவிடும் பிள்ளை, இன்னும் நம்மிடையே உண்டு. ஆசிரியர்களாகிய நாங்கள் அத்தகைய பிள்ளைகளை வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறோம்.

பெற்றோர்களே, உதவி தேவாலயத்திலிருந்து வந்தாலும், சூராவிலிருந்து வந்தாலும், சீனக் கோவிலிலிருந்து வந்தாலும் வெட்கப்பட வேண்டாம். "இதற்கு நிபந்தனை உண்டா?" என்று மரியாதையோடு கேளுங்கள். இல்லை என்றால் மனமார ஏற்றுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதைப் போலவே நம் மாரியம்மன் கோவில் திருவிழா நிதியிலும் ஒரு பங்கைப் படிப்புக்கென்று ஒதுக்குவோம். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கும், கடைக்காரச் சீனர் வீட்டு அநாதைப் பிள்ளைக்கும் அதில் ஒரு நோட்டுப் புத்தகம் போய்ச் சேரட்டும்.