பொதுப்பொருளும் பொறுப்பாளர் கடமையும்

தருமம் செய்தல் எளிது. அதனைக் காத்தலே அரிது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்போர் கடமை யாது? நீதிமன்றங்கள் அதனை வகுத்த வரலாற்றை நாம் சிறிது நோக்குவோம்.

இங்கிலாந்தில் ஒரு சிறுவனுக்கென விடப்பட்ட றொம்போட் சந்தைக் குத்தகையை ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். தவணை முடிந்ததும், சிறுவனுக்காக அதனைப் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்தார். பொறுப்பாளரோ தம் பெயரில் எழுதுவித்துக்கொண்டார். அவர் வஞ்சகஞ் செய்தாரல்லர். ஆயினும் 1726 ஆம் ஆண்டில் கிங் பிரபு, குத்தகையும் இலாபமும் சிறுவனுக்கே உரியன எனத் தீர்த்தார். குடும்பச் சொத்தில் எழுந்த இந்நெறி தருமசொத்துக்கும் பொருந்துவதாயிற்று.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பொறுப்பாளர் இருவர் 50,000 டொலரைக் கம்பனிப் பங்குகளில் இட்டனர், விலை வீழ்ந்தது. விதவையின் காலத்தின்பின் அப்பணத்துக்கு உரித்தான ஹாவாட் கல்லூரியும் வைத்தியசாலையும் நட்டத்தைக் கேட்டு வழக்கிட்டன. விவேகமுள்ளோர் தம் பொருளைப் பேணுவதுபோல் நேர்மையாய்ப் பேணியவர் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியதில்லை என 1830 இல் நீதிமன்றம் கூறிற்று.

இவ்விரு நெறிகளும் நம் நாட்டிலும் உள. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், பொறுப்பாளர் சொந்த இலாபம் தேடலாகாது, விவேகத்தோடு பேணவேண்டும், கணக்குக் காட்டவேண்டும் என விதிக்கின்றது. சமய தருமமொன்றில் அக்கறையுள்ள ஐவர், சட்ட நிபந்தனைகளுக்கு அமைந்து, வழக்கிடவும் இடமளிக்கின்றது.

ஆதலின் கணக்குக் கேட்பது பெரியோரை அவமதிப்பதன்று, தருமத்தைக் காப்பதேயாம். நாளை பொறுப்பேற்கும் இளைஞராகிய நாம், பிறர் கேளாமுன்னரே கணக்குக் காட்டுவோமாக.