டிஸ்கஸ் மீன்: முட்டையிலிருந்து குஞ்சு வரை

டிஸ்கஸ் வளர்ப்போரில் பலர் முட்டை வரை வந்துவிடுகிறார்கள். அந்த முட்டைகள் குஞ்சாகி, குஞ்சுகள் ஒரு மாதத்தைத் தாண்டுவதுதான் கடினம். மற்ற அலங்கார மீன்களின் குஞ்சுகளைப் போல இவற்றைத் தனியாகப் பிரித்துத் தூள் உணவு போட்டு வளர்க்க முடியாது. முதல் சில நாள்களுக்கு டிஸ்கஸ் குஞ்சுகளின் உணவு, தாய், தந்தை இரண்டின் உடலிலும் சுரக்கும் வழுவழுப்பான சளிப்படலம்தான்.

டிஸ்கஸின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை. 1840ஆம் ஆண்டு ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் ஹெக்கெல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று பினாங்கு, பேங்காக் போன்ற இடங்களில் வண்ண வண்ண ரகங்களாகப் பெருக்கப்பட்டு வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆனால் குஞ்சு வளர்க்கும் இயல்பு மட்டும் அமேசானில் இருந்தபடியே இருக்கிறது.

ஜோடி சேர்ப்பது

ஆண், பெண் வேறுபாட்டைத் தோற்றத்தை வைத்துச் சொல்வது கடினம். முட்டையிடும் நேரத்தில் வயிற்றின் அடியில் தெரியும் குழாய்தான் நம்பகமான அடையாளம். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியும் ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும்.

அதனால் 6 முதல் 8 இளம் மீன்களை வாங்கி ஒரே தொட்டியில் வளர்த்து, அவை தாமாக ஜோடி சேரக் காத்திருப்பதே நல்லது. இனப்பெருக்கத்திற்கு ஏறக்குறைய ஒரு வயது ஆக வேண்டும். இரண்டு மீன்கள் மற்றவற்றை விரட்டி ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வதும், ஒன்றையொன்று பார்த்துத் தலை தாழ்த்துவதும், ஓரிடத்தை வாயால் சுத்தம் செய்வதும் ஜோடி சேர்ந்ததற்கான அறிகுறிகள். இரண்டு பெண் மீன்களும் இப்படிச் சேர்ந்து முட்டையிடுவதுண்டு. அந்த முட்டைகள் பொரிக்காது.

ஜோடியைப் பிரிப்பதற்கு முன்பே குடல் புழு, செவுள் புழு நீக்கும் மருந்தைக் கொடுத்து முடித்துவிட வேண்டும். குஞ்சுகள் பெற்றோரின் உடலிலேயே ஒட்டி வாழ்வதால் பெற்றோரிடம் உள்ள புழு குஞ்சுகளுக்கு உடனே தொற்றும். சளிப்படலமே உணவாக இருக்கும் நாள்களில் மருந்து கொடுக்கவும் வழியில்லை.

தொட்டியும் தண்ணீரும்

ஒரு ஜோடிக்கு 24 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உயரமும் உள்ள தொட்டி போதும். மணல், கல், செடி எதுவும் வேண்டாம். மெதுவாக ஓடும் பஞ்சு வடிகட்டி, ஒரு ஹீட்டர், முட்டையிட ஒரு மண் கூம்பு அல்லது நிறுத்தி வைத்த குழாய்த் துண்டு இருந்தால் சரி. குளிர்சாதன அறையிலும் மழைக்கால இரவிலும் நம் ஊர்த் தண்ணீர் கூடக் குளிர்ந்துவிடும். 29 முதல் 30 டிகிரி வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும்.

முட்டை பொரிக்க மென்மையான, சற்று அமிலத் தன்மையுள்ள தண்ணீர் தேவை. பி.எச். அளவு 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. கடின நீரில் முட்டைகள் சரியாகக் கருவுறுவதில்லை. கிந்தா பள்ளத்தாக்கு போலச் சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த இடங்களில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். காய்ந்த கெத்தாப்பாங் இலையைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் பழுப்பாகி, அமிலத் தன்மையும் சிறிது கூடும்.

குழாய் நீரில் உள்ள குளோரின், ஒரு நாள் முழுவதும் காற்றடித்து வைத்தால் போய்விடும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோராமின். அது காற்றடித்தால் போகாது, அதற்கான நீக்கி மருந்தைச் சேர்த்தே ஆக வேண்டும்.

முட்டையும் முதல் வாரமும்

பெண் மீன் வரிசை வரிசையாக முட்டையிட, ஆண் பின்னாலேயே சென்று கருவுறச் செய்யும். ஒரு முறைக்கு 100 முதல் 300 முட்டைகள் வரை இருக்கலாம். வெள்ளையாக மாறுபவை கருவுறாதவை. மற்றவை இரண்டு அல்லது இரண்டரை நாளில் பொரிக்கும். புதிய ஜோடி முதல் சில முறை முட்டைகளைத் தின்றுவிடுவது வழக்கம். அதற்காக உடனே ஜோடியை மாற்றிவிடக் கூடாது. மூன்று நான்கு வாய்ப்புகள் கொடுத்தால் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும். தொடர்ந்து தின்றால் கூம்பைச் சுற்றிக் கம்பி வலை வைக்கலாம்.

பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் தலையால் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். பிறகு நீந்தத் தொடங்கி நேராகப் பெற்றோரின் விலாவில் போய் ஒட்டும். எல்லாம் கெடுவதும் நிலைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். குஞ்சுகள் கருமையான நிறத்தை நாடிப் போகும். கறுப்பு வடிகட்டி இருந்தால் அதைப் பெற்றோர் என்று நினைத்து அதிலேயே ஒட்டிப் பட்டினியால் சாகும். ஆகவே கருமையான பொருள்களை எடுத்துவிட்டு, தண்ணீர் மட்டத்தையும் குறைக்க வேண்டும். ‘பிஜன் பிளட்’ போன்ற வெளிறிய ரகங்களின் உடல் கருக்காது என்பதால் அவற்றுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. இரவில் சிறு விளக்கொன்று எரியட்டும். இருட்டில் குஞ்சுகள் பெற்றோரைத் தவறவிடும்.

பெற்றோர் இரண்டும் மாறி மாறி ஊட்டும். ஒன்று களைத்தால் உடலைச் சிலிர்த்துக் குஞ்சுகளை மற்றதிடம் அனுப்பிவிடும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டையிட்ட பிறகு இந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. அதாவது குஞ்சுகளுக்கு இது தாய்ப்பால் மாதிரி. அதைச் சுரக்கும் பெற்றோருக்கு நல்ல உணவும் அமைதியும் வேண்டும். தொட்டியைத் தட்டுவது, அடிக்கடி எட்டிப் பார்ப்பது, விருந்தினரை அழைத்து வந்து காட்டுவது எல்லாம் இந்த வாரத்தில் வேண்டாம். மிரண்ட மீன் குஞ்சுகளை உதறும், சில நேரம் விழுங்கியும்விடும்.

பிரிக்கும் காலம்

நீந்தத் தொடங்கிய 4 அல்லது 5ஆம் நாள் முதல், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்புக் கரைத்துக் காற்றடித்தால் ஏறக்குறைய ஒரு நாளில் அதன் முட்டைகள் பொரிக்கும். நல்ல தண்ணீரில் அலசிய பிறகே தொட்டியில் விட வேண்டும். குஞ்சுகளின் வயிறு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அவை உண்டுவிட்டன என்று பொருள்.

மூன்றாவது வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்கும். குஞ்சுகள் தாமாக நன்றாகத் தின்னும் நிலையில் இருந்தால் அப்போது பிரிக்கலாம். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே பிரித்தால் இழப்பு அதிகம். அதிக நாள் விட்டாலோ பெற்றோரின் உடலில் புண் ஏற்படும்.

பிரித்த பிறகு ஒரு நாளைக்கு 5 அல்லது 6 முறை சிறிது சிறிதாக உணவு கொடுத்து, மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். புதிய தண்ணீரும் அதே வெப்பத்தில் இருப்பது முக்கியம். வளரும் குஞ்சுகளுக்குப் பலர் மாட்டு இதயத்தை அரைத்துக் கொடுக்கிறார்கள். அதை வீட்டில் சேர்க்க விரும்பாதவர்கள் இறால், மீன் சதை இரண்டையும் அரைத்து உறையவைத்துக் கொடுக்கலாம். நன்றாகக் கவனித்தால் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் ஏறக்குறைய 2 அங்குலம் வளர்ந்து வட்ட வடிவம் பெறும்.

விற்பதற்கு முன் வளைந்த முதுகும் குறைந்த செவுள் மூடியும் உள்ளவற்றை ஒதுக்கிவிட வேண்டும். இடம் போதவில்லை என்று எந்த மீனையும் ஆற்றிலோ குட்டையிலோ விடக் கூடாது. நம் நீர்நிலைகளுக்கு அந்நிய மீன்கள் ஏற்கெனவே பெரும் சுமையாகிவிட்டன. எத்தனை குஞ்சுகளை வளர்க்க இடமிருக்கிறது என்பதை முட்டை வருவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.