அஞ்சலட்டை அனுப்பாத தந்தை
(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



மார்ச் 19-ஆம் நாள் புனித யோசேப்பின் பெருவிழாவைக் கொண்டாடுகிறோம். நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அவர் செய்தவை மட்டும் சொல்லப்பட்டுள்ளன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கருவுற்றிருந்த மரியாவோடு பெத்லகேமுக்குச் சென்று பெயரைப் பதிவு செய்தார் என்கிறார் லூக்கா. பிறந்த குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டார் என்கிறார் மத்தேயு. அக்கால யூத வழக்கப்படி, பெயரிடுவது என்பது அக்குழந்தையைத் தன் மகனாக ஊரறிய ஏற்றுக்கொள்வது. சட்டத்தின் முன் யோசேப்பு இயேசுவின் தந்தையானது இப்படித்தான்.

"இந்தக் குழந்தைக்கு நான் பொறுப்பு" என்று ஓர் ஆண் எப்போது சொல்ல வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளோடு அமெரிக்க நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டாகப் போராடி வருகின்றன. திருமணம் ஆகாத தந்தையருக்காக அந்நாட்டில் ஏற்படுத்தப்பட்ட பதிவேட்டின் வரலாற்றை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

பழைய ஆங்கிலேயச் சட்டத்தில், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை 'யாருடைய பிள்ளையும் அல்ல' என்றே கருதப்பட்டது. அதற்கு வாரிசுரிமை கிடையாது. இந்தப் பார்வையை அமெரிக்க மாநிலங்களும் பெற்றுக்கொண்டன. காலப்போக்கில் தாயின் உரிமை ஏற்கப்பட்டது. தந்தையின் நிலை வேறு. பராமரிப்புச் செலவு கொடு என்று அவருக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். ஆனால் குழந்தையைத் தத்துக் கொடுக்கும்போது அவருடைய சம்மதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் கேட்கவில்லை. தாயின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

இந்த நிலையை அசைத்தது இல்லினாய்ஸ் மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கு. ஓர் ஆணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளாமல், விட்டுவிட்டு 18 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். தாய் இறந்ததும், தந்தை உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அவர் நல்ல தந்தையா, கெட்ட தந்தையா என்று எவரும் விசாரிக்கவில்லை. மணமாகாத தந்தை தகுதியற்றவர் என்று சட்டமே முன்கூட்டி முடிவு செய்திருந்தது. 'ஸ்டான்லி எதிர் இல்லினாய்ஸ்' என்ற இவ்வழக்கில், 1972 ஏப்ரல் 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். மணமாகாத தந்தையரில் பொறுப்பற்றவர்கள் இருக்கலாம். ஆனால் எல்லாரும் அப்படி அல்லர். வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காக ஒரு தந்தையை விசாரிக்காமலே பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அன்பர்களே, நியாயமான தீர்ப்புதான். ஆனால் தத்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு புதிய சிக்கல் வந்தது. தந்தையிடம் கேட்க வேண்டும் என்றால் தந்தை யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமே! தாய் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த மனிதருக்கு அஞ்சி அவர் ஓடி வந்திருக்கலாம். செய்தித்தாளில் விளம்பரம் செய்தால் ஓர் இளம்பெண்ணின் மானம் கடைத்தெருவுக்கு வந்துவிடும். தத்து முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வந்து 'இது என் பிள்ளை' என்றால், அதற்குள் வேறொரு வீட்டில் வேரூன்றிவிட்ட குழந்தையை என்ன செய்வது?

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் பதிவேடு. 'நான் இந்தக் குழந்தையின் தந்தையாக இருக்கலாம்' என்று கருதும் ஆண், தன் பெயரையும் முகவரியையும் தாயின் பெயரையும் எழுதி மாநில அரசுக்கு அனுப்பிவிட வேண்டும். தத்து நடக்கும் முன் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். பெயர் இருந்தால் அவருக்கு நோட்டீஸ் போகும். நியூயார்க் மாநிலம் இத்தகைய பதிவேட்டை எழுபதுகளிலேயே ஏற்படுத்தியது.

அந்தப் பதிவேட்டின் முதல் பெரிய சோதனை, 1983-இல் தீர்ப்பான 'லேர் எதிர் ராபர்ட்சன்' வழக்கு. 1976 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாதங்கள் கழித்து, தாய் வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டார். 1978 டிசம்பரில் அந்தத் தம்பதியர் குழந்தையைத் தத்தெடுக்க மனு செய்தார்கள். அதை அறியாத இயற்கைத் தந்தை, ஒரு மாதம் கழித்து, இன்னொரு மாவட்டத்து நீதிமன்றத்தில், தன்னைத் தந்தையென அறிவிக்கும்படி மனு கொடுத்தார். தத்து மனுவை விசாரித்த நீதிபதிக்கு இது தெரியவந்தது. ஆனாலும், அந்த மனிதரை அழைக்காமலேயே, 1979 மார்ச்சில் தத்து ஆணையில் அவர் கையெழுத்திட்டார். காரணம், தந்தையின் பெயர் பதிவேட்டில் இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் இதைச் சரி என்றார்கள். நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து ஆழமானது. இரத்த உறவு ஓர் ஆணுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. பொறுப்பை ஏற்று அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டால் சட்டம் அவரைக் காக்கும். பற்றிக்கொள்ளாவிட்டால் வெறும் இரத்தத்துக்காகச் சட்டம் முன்வராது. பதிவேட்டுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பியிருந்தால் போதும். அது முழுக்க அவர் கையில்தான் இருந்தது என்றார் அவர்.

மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். மறுப்புரையை எழுதியவர் யார் தெரியுமா? 1972-இல் ஸ்டான்லி தீர்ப்பை எழுதிய அதே பைரன் ஒயிட்! அந்தத் தந்தை தன் தரப்பில் சொன்னதை அவர் எடுத்துக்காட்டினார். குழந்தை பிறந்தபோது அவர் மருத்துவமனைக்கு நாள்தோறும் சென்றிருக்கிறார். பிறகு தாய் தன் இருப்பிடத்தை மறைத்துவிட்டார். அவர் தேடினார், துப்பறியும் நிறுவனத்தின் உதவியைக்கூட நாடினார். இவையெல்லாம் உண்மையா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. தந்தை யார், எங்கே இருக்கிறார் என்று நீதிபதிக்கே தெரிந்திருக்கும்போது, அட்டை வரவில்லை என்று சொல்லி அவரை வெளியே நிறுத்துவது நீதியாகுமா என்று ஒயிட் கேட்டார்.

நேயர்களே, இந்த இரண்டு குரல்களிலும் உண்மை இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் நடந்தவை அதை வலியோடு உணர்த்தின. 1991 பிப்ரவரியில் அயோவா மாநிலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய் வேறொருவரைத் தந்தையென்று சொல்லி, அந்த மனிதரும் கையெழுத்திட, குழந்தை மிச்சிகன் மாநிலத்துத் தம்பதியரிடம் சென்றது. சில வாரங்களில் உண்மையான தந்தை செய்தி அறிந்து நீதிமன்றம் சென்றார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் வழக்கு முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993 ஆகஸ்டில், தான் அறிந்த ஒரே வீட்டிலிருந்து அழுதுகொண்டே அக்குழந்தை வாகனத்தில் ஏற்றப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அதே 1991-இல் இல்லினாய்ஸில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை இறந்துவிட்டதாகத் தந்தைக்குப் பொய் சொல்லப்பட்டது. 57 நாள்கள் கழித்து உண்மை தெரிந்தது. அவனும் வழக்கின் முடிவில் வளர்த்தவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டான். அது நடந்தது 1995-இல். அப்போது அவனுக்கு வயது நான்கு.

இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு பொய் இருந்தது. பொய்யைச் சொன்னவர்கள் பெரியவர்கள். விலை கொடுத்தவர்கள் சிறியவர்கள்.

இந்தக் காட்சிகளுக்குப் பின் பல மாநிலங்கள் பதிவேடுகளை வேகமாக ஏற்படுத்தின. இல்லினாய்ஸ் 1994-இல் தொடங்கியது. குழந்தை பிறக்கும் முன்போ, பிறந்த 30 நாள்களுக்குள்ளோ பதிய வேண்டும். பதிவது மட்டும் போதாது. அதன்பின் தந்தைமையை நிலைநாட்ட நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்க வேண்டும். தவறினால் அவரைக் கேட்காமலே தத்து நடக்கலாம். ஒரு பெண்ணோடு உறவு கொண்டாலே குழந்தை பிறக்கக்கூடும் என்பது ஆணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இச்சட்டங்களின் அடிப்படை. 'அவள் கருவுற்றது எனக்குத் தெரியாது' என்பதைப் பொதுவாகச் சட்டம் சாக்காக ஏற்பதில்லை. மாநிலங்களுக்காக 2000-இல் எழுதி 2002-இல் திருத்தப்பட்ட மாதிரிச் சட்டமும் 30 நாள் கெடுவையே வைத்தது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே இந்தக் கெடு என்றும் அது சொன்னது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பதிவேடு உண்டு.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஃபுளோரிடா காட்டியது. 2001-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தந்தை யாரென்று அறியாத தாய், குழந்தையைத் தத்துக் கொடுக்கும் முன், தன் பெயரையும், உறவு நடந்த நாளையும் ஊரையும் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அதை நீக்கிவிட்டு, அம்மாநிலமும் பதிவேட்டுக்கு மாறியது. தாயின் மானத்தைக் காக்கவும் பதிவேடு உதவுகிறது என்பதை நாம் மறுக்க முடியாது.

ஆனால் குறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. இப்படியொரு பதிவேடு இருப்பதே பெரும்பாலான இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் பதிந்தவருக்கு, தாய் எல்லை தாண்டிப்போய் வேறு மாநிலத்தில் குழந்தையைக் கொடுத்தால், அந்தப் பதிவு உதவாமல் போகலாம். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும் என்று மசோதாக்கள் வந்தும் இதுவரை நிறைவேறவில்லை.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? தந்தையாக இருப்பது, யாராவது வந்து கேட்கும்போது சொல்லும் பதில் அன்று. யாரும் கேட்பதற்கு முன்பே, பயன் கிடைக்குமா என்று தெரியாதபோதே, முன்னே வந்து நிற்பது. ஸ்டீவன்ஸ் சொன்னது இதைத்தான். அதே வேளையில், முன்வந்து நின்றவனைத் தாள் இல்லை என்று திருப்பி அனுப்பும் சமூகம், தன் வசதிக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறது. ஒயிட் சொன்னது இதைத்தான்.

மணமாகாத தாய்க்கு அடைக்கலம் தரும் இல்லங்களும், அருள்பணியாளர்களும், பெற்றோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஆபத்து இருந்தால் அவளைக் காப்பதே முதல் கடமை. ஆபத்து இல்லாதபோது, 'அந்தப் பையனுக்குத் தெரியுமா?' என்று கேட்க நாம் தயங்கக் கூடாது. குடும்ப மானத்துக்காகச் சொல்லப்படும் ஒரு பொய், ஒரு குழந்தையை இரண்டு வீடுகளுக்கு நடுவே நிறுத்திவிடும். நம் வீட்டு மகன்களுக்கும், விலகிப் போவதால் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று சொல்லித்தர வேண்டும்.

தம் இரத்தத்தில் பிறக்காத மகனுக்குப் பெயரிட்டு, இரவோடு இரவாக எகிப்துக்குத் தூக்கிச் சென்று, தச்சு வேலை செய்து வளர்த்தவர் யோசேப்பு. தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோருக்கும் அவரே முன்மாதிரி. பிள்ளையைப் பெற்றுவிட்டு அஞ்சி நிற்கும் இளைஞனுக்கும் அவரே முன்மாதிரி.

புனித யோசேப்பே, பெற்ற பிள்ளையைத் தேடும் தந்தையருக்காகவும், பெறாத பிள்ளையை நெஞ்சில் சுமக்கும் பெற்றோருக்காகவும், தனிமையில் முடிவெடுக்கும் தாய்மாருக்காகவும் வேண்டிக்கொள்ளும். எந்தக் குழந்தையும் 'யாருடைய பிள்ளையும் அல்ல' என்ற நிலைக்கு ஆளாகாதிருக்க, எங்களுக்காக மன்றாடும். ஆமென்.