பல்லிடை நூல்

அடுத்தடுத்த பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்திலும், அதற்குக் கீழே ஈறை ஒட்டிய இடுக்கிலும் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை வழித்தெடுக்கப் பயன்படும் மெல்லிய இழை. மருந்துக் கடைகளில் ஃபிளாஸ் என்று கேட்டு வாங்குவார்கள். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ஐந்து முகங்கள் உண்டு. பிரஷ் அவற்றில் மூன்றைத்தான் நன்றாக எட்டும். அண்டைப் பற்களைப் பார்த்திருக்கும் மற்ற இரண்டும் நூலுக்கு உரியவை.

வரலாறு

பல்லிடுக்கைக் கிளறும் வழக்கம் நம் இனத்தைவிடவே பழையது. ஜார்ஜியா நாட்டின் டமானிசியில் கிடைத்த, ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுப் பழமையான தாடையெலும்பில் குச்சியால் திரும்பத் திரும்பக் குத்திய தடம் இருக்கிறது. நியாண்டர்தால் மனிதர்களின் பற்களிலும் அத்தகைய பள்ளங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் இந்த வேலையைத் துடைப்பத்து ஈர்க்குச்சியும் தீக்குச்சியும், துணிந்தவர்களுக்கு ஊக்கும் செய்துவருகின்றன.

நூலைப் பரிந்துரைத்தவர் லீவை ஸ்பியர் பார்ம்லி (1790–1859). அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் தொழில் செய்த பல் மருத்துவர். 1819இல் பிலடெல்பியாவில் வெளிவந்த அவருடைய புத்தகம், பிரஷ், பற்பொடி இவற்றோடு மெழுகு தடவிய பட்டு நூலையும் அன்றாடக் கருவியாக வகுத்தது. பிரஷ்ஷால் அகலாமல் இடுக்கில் தங்கும் கசடே பல் நோயின் மூலம் என்பது அவர் கொள்கை. நுண்ணுயிரியல் பிறக்காத காலத்தில் இது வியக்கத்தக்க கணிப்பு. ஆனாலும் அவர் நீக்கச் சொன்னது சிக்கிய பொருளைத்தான். நூலைக் கையாள்வதில் இன்றுவரை தொடரும் பல பிழைகள் இந்தக் கருத்திலிருந்து முளைத்தவை.

பார்ம்லியின் யோசனை அறுபது ஆண்டுக்கு மேல் புத்தகத்திலேயே கிடந்தது. 1882இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் காட்மன் அண்டு ஷர்ட்லெஃப் நிறுவனம் மெழுகில்லாப் பட்டு நூலைச் செய்து விற்கத் தொடங்கியது. 1890களின் பிற்பகுதியில் ஜான்சன் அண்டு ஜான்சன் களத்தில் இறங்கியது. அறுவை மருத்துவத் தையலுக்கென அது தயாரித்துவந்த பட்டே இதற்கும் மூலப்பொருள். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' (1922) நாவலில் ஒரு பாத்திரம் சட்டைப்பையிலிருந்து இந்த நூலை எடுக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு பரவும் அளவுக்கு அது மலிவாக இல்லை. பட்டு எளிதில் இழை பிரிந்து அறுந்தும் போயிற்று.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வரவு நின்றபோது நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. அதை ஆய்வால் நிலைநிறுத்தியவர் சார்லஸ் பாஸ் (1875–1975). இவர் பல் மருத்துவர் அல்லர். நியூ ஆர்லியன்ஸ் துலேன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத் தலைவர். மலேரியா ஒட்டுண்ணியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டி 1912இல் பெயர் பெற்றவர். ஓய்வுக்குப் பின் பல்லிடுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, எதிரி உணவுத் துணுக்கு அன்று, பல்லில் பசையாய் ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படலமே என்று முடிவு செய்தார். ஏற்ற நூலின் இயல்புகளை வரையறுத்து 1948இல் அவர் எழுதிய கட்டுரையே இத்துறையின் அடிப்படை. அதிகம் முறுக்காத, பல்மேல் விரிந்து படியும் நுண்ணிழைகளையே அவர் விரும்பினார். பார்ம்லி கிளறினார், பாஸ் துடைத்தார்.

வகைகள்

மெழுகிட்ட நைலான், மெழுகில்லா நைலான், நாடா போன்ற அகல இழை, 1990களில் வந்த வழவழப்பான டெஃப்லான் இழை, பாலம் கட்டிய பற்களுக்கென ஒருமுனை விறைத்த பஞ்சிழை, கவண்போன்ற பிளாஸ்டிக் பிடியில் பூட்டியது எனப் பல. மெழுகா, மெழுகில்லாததா என்ற பழைய வழக்கில் பொருளில்லை. படலத்தை நீக்குவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு சோதனைகளில் தெரியவில்லை. நெருக்கமான பற்களில் மெழுகிட்டது சுலபமாக இறங்கும், அவ்வளவே. பிடியில் பூட்டியதைப் பல்லைச் சுற்றி வளைப்பது கடினம். தையல் நூல் ஈறை அறுக்கும்.

கையாளுதலும் குறைகளும்

ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நூலை எடுத்து, பெரும்பகுதியை ஒரு கையின் நடுவிரலிலும் மீதியை மறுகையின் நடுவிரலிலும் சுற்றி, இடையே சில சென்டிமீட்டர் மட்டும் விறைப்பாக விட வேண்டும். ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல அசைத்து இறக்கி, ஒரு பல்லின் பக்கச் சுவரை அரைவட்டமாக அணைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழுமாக வழிக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் எதிர்ப்பல்லையும் வழிக்க வேண்டும். அடுத்த இடுக்குக்குப் புதுப் பகுதி. பெரும்பாலோர் நூலை ஒருமுறை இறக்கி ஒருமுறை ஏற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். துணுக்கு வந்துவிடுகிறது, படலம் அப்படியே இருக்கிறது.

அழுத்தி 'டக்' என்று இறக்கினால் நூல் பற்களிடையே உள்ள ஈறுமுனையில் வெட்டும். அதையே வழக்கமாக்கினால் ஈறில் நெடுக்குவாட்டில் பிளவு விழும். ரத்தம் கசிவது வேறு செய்தி. முறையாகச் செய்யும்போதும் கசிந்தால் பெரும்பாலும் அது ஈறு ஏற்கெனவே வீங்கியிருப்பதன் அடையாளம். பயந்து நூலைக் கைவிடுவோர் மிகுதி. தொடர்ந்து செய்தால் ஓரிரு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவராயினும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நூல் எப்போதும் ஒரே இடத்தில் நைந்து பிரிந்தால் குற்றம் நூலின்மேல் அன்று. அங்கே சொத்தையோ, கெட்டியான காறையோ, பிதுங்கிய அடைப்பின் விளிம்போ இருக்கக்கூடும். தினமும் ஒரே இடுக்கில் சோறும் இறைச்சி நாரும் சிக்குவதும் அப்படித்தான்: பற்களின் தொடுகை தளர்ந்திருக்கும், அதை அடைத்துச் சரிசெய்ய வேண்டும். நூல் மாட்டிக்கொண்டால் மேலே பிடுங்காமல், ஒரு முனையை விட்டுப் பக்கவாட்டில் உருவ வேண்டும். தற்காலிக உறை மாட்டியவர்கள் எப்போதுமே இப்படித்தான் எடுக்க வேண்டும், இல்லையேல் உறை நூலோடு வந்துவிடும். எலும்பில் பதித்த செயற்கைப் பற்களின் சொரசொரப்பில் இழை அறுந்து தங்கி அழற்சி உண்டாவதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஈறு இறங்கியவர்களின் முன்கடைவாய்ப் பற்களில் வேரில் உள்ள குழிவை விறைத்த நூல் தொடாமல் தாண்டிவிடும். அங்கே பல்லிடுக்கில் நுழைக்கும் சிறு தூரிகையான இடைத்தூரிகையே உதவும்.

கைத்தேர்ச்சியின் பங்கை 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு தெளிவாக்குகிறது. பள்ளி நாள்கள்தோறும் தேர்ந்தவர் ஏறத்தாழ 1.7 ஆண்டு நூலிட்டுவிட்ட குழந்தைகளிடம் சொத்தை அபாயம் 40 விழுக்காடு குறைந்தது. தாமே செய்துகொண்ட சிறுவர்களிடம் குறையவில்லை. பிரஷ்ஷுக்கு முன் நூல் இடுவது நல்லது. 2018இல் பல் மருத்துவ மாணவர்களிடம் நடந்த சோதனையில் அந்த வரிசையில் படலம் கூடுதலாக நீங்கியது, இடுக்கில் ஃபுளோரைடும் கூடுதலாகத் தங்கியது.

இன்றைய நிலை

அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியின் 2016இல் வெளியான பதிப்பில் நூலைப் பற்றிய பரிந்துரை விடுபட்டது. சான்று வலுவற்றது என்று செய்தி முகமை ஒன்று எழுத, சிறிது காலம் சர்ச்சை நடந்தது. ஐரோப்பிய ஈறு மருத்துவர்கள் 2015இலேயே, நுழையக்கூடிய இடங்களில் இடைத்தூரிகைக்கு முதலிடம் தந்துவிட்டார்கள். பல்லிடுக்கைக் கழுவும் நீர்ப்பீச்சிகளும் விற்பனையில் உள்ளன.